அக்கா நடந்த பொழி

ஈரக் கரிசல் மண்கட்டி கனக்கும். செம்மண்ணைப் போல உதிர்ந்துவிடாது; பிசைந்த மாவாகத் திரண்டு நிற்கும், தொட்ட விரலை விடாது. அப்படி ஒரு கட்டி, சின்னப் பானை அளவுக்கு, சும்மாடுகூட இல்லாமல் என் பெரியக்காவின் தலையில் இருந்தது. அதிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் இறங்கி, நெற்றியில் வழிந்து, மூக்கோரமாக வந்து தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை. இரண்டு கைகளாலும் கட்டியைப் பிடித்திருந்தாள். பசுவந்தனைப் பக்கத்தில் அவள் வாக்கப்பட்ட ஊரில், ஊர்க்காரர்கள் எல்லோரும் ஓடைக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவள் தன் காட்டுக்குள் தெற்கே பார்த்து நடந்தாள். எங்கள் பக்கம் மானாவாரிப் புஞ்சையைக் காடு என்றுதான் சொல்வோம். அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவள் முகம் அல்ல, முகத்தில் இறங்கிய அந்தக் கறுப்புத் தண்ணீர்தான்.

அக்கா போன ஆனி மாதம் கோவில்பட்டியில், என் வீட்டில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சுடுதண்ணீர் கேட்டாள். நான் தண்ணீரோடு வருவதற்குள் முடிந்துவிட்டது. காரியம் எல்லாம் ஆகி, வந்தவர்களும் போய்விட்டார்கள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. “அழுதிரும்மா, உள்ளயே போட்டு அமுக்காத” என்று பக்கத்து வீட்டுக்காரி மாய்ந்து மாய்ந்து சொல்கிறாள். அமுக்குவதற்கு உள்ளே ஏதாவது இருந்தால்தானே? நெடுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப் போகுமே, அப்படி இருக்கிறது மனது. கிள்ளினால் கிள்ளுவது தெரிகிறது, வலி தெரியவில்லை. காலையில் எழுந்து உலை வைக்கிறேன். அவளுக்கும் சேர்த்துத் தட்டு எடுத்துவிட்டுத் திருப்பி அடுக்கில் வைக்கிறேன். பிறகு ஆபீசுக்குப் போகிறேன்.

ஆபீஸ் என்பது சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரின் கடை. அவரை எல்லோரையும் போல நானும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். முன்பு டைப்ரைட்டர், இப்போது கம்ப்யூட்டர்; அடிக்கிற வாசகம் மட்டும் மாறவில்லை. எல்லை, மால், உட்பட, நீங்கலாக, வரை, மட்டும் என்று இந்த வார்த்தைகளை அடித்தே என் விரல் தேய்ந்துவிட்டது. பத்திரத்தில் ஒரு நிலத்துக்குத் தனியாக முகம் கிடையாது. இன்னார் புஞ்சைக்கு மேற்கு, இன்னார் புஞ்சைக்குக் கிழக்கு, ஓடைக்குத் தெற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு, இந்த நான்கு மாலுக்கு உட்பட்டது என்று எழுதுவோம். நாலு பக்கமும் இருப்பவர்களைச் சொல்லி முடித்தால் நடுவில் மிஞ்சுவதுதான் நிலம். செத்துப்போனவர்கள்கூட மாலில் நின்றுகொண்டிருப்பார்கள். பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். வேலையில் சேர்ந்த புதிதில் இது எனக்குச் சிரிப்பாக இருந்தது. என்னையே அப்படி எழுதிப் பார்ப்பேன். அம்மாவின் வசவுக்கு வடக்கு, அப்பாவின் மௌனத்துக்குத் தெற்கு, பெரியக்காவுக்கு மேற்கு. மேற்கே யாரும் இல்லாததால் எனக்குப் பத்திரம் முடியாது என்று அக்காவிடம் சொன்னேன். “மேக்க ஒரு மாப்பிள்ளையப் பாத்து நிறுத்திருவோம், கவலப்படாத” என்றாள். அவள் கேலி பேசியது அபூர்வம். அதனால் நினைவில் இருக்கிறது.

எனக்கு நானே போட்டுக்கொண்ட எல்லை ஒன்று உண்டு. சொந்தக்காரர்கள் பத்திரத்தை நான் அடிப்பதில்லை. அடித்தால் ஏதாவது ஒரு பக்கத்துக்காரர், உன் ஆளுக்குத் தோதாக எழுதிவிட்டாய் என்று முகத்தைத் தூக்குவார். அண்ணாச்சிக்கும் இது தெரியும். என் சொந்தத்தில் யாராவது வந்தால் அந்த வேலையைப் பக்கத்து மேசைப் பெண்ணிடம் கொடுத்துவிடுவார்.

பத்திரத்தில் எல்லை என்று எழுதினாலும் எங்கள் காடுகளில் அதற்குப் பெயர் பொழி. வயல்காட்டுக்காரர்கள் வரப்பு என்பார்களே, அது தண்ணீரைக் கட்டி நிறுத்த மண்ணை அணைத்துப் போட்டது. பொழி அப்படி அல்ல. இரண்டு காட்டுக்கும் நடுவில், இந்தப் பக்கத்து ஏரும் படாமல் அந்தப் பக்கத்து ஏரும் படாமல் விட்ட ஒரு துண்டு நிலம். மேடு கிடையாது, வேலி கிடையாது. உழாமல் விட்டதுதான் அடையாளம். கல் நட்டால் என்ன என்று கேட்பவர்கள் கரிசலைத் தெரியாதவர்கள். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிற மண், மழை பெய்தால் பொங்கி மூடுகிற மண். நட்ட கல் ஒரு வருடம் சாயும், ஒரு வருடம் அமிழும், பிறகு எங்கே போயிற்று என்றே தெரியாது. பொழிதான் நிற்கும். அது பாதி அவனுடையது, பாதி இவனுடையது, ஆனால் இரண்டு பேரும் தொடக்கூடாது. புல் முளைக்கும், ஆடு மேயும், ஆட்கள் நடப்பார்கள். அப்பன் காலத்துப் பொழியை மகன் உழமாட்டான். காட்டை விலைக்கு வாங்கி வருகிறவனும் உழமாட்டான், ஏனென்றால் அந்தப் பக்கம் ஒருவன் பார்த்துக்கொண்டிருப்பான்.

அக்கா அளந்து பேசுகிறவள். “அம்புட்டுத்தான்” என்பது அவள் அடிக்கடி சொல்லும் வார்த்தை. சாப்பிடும்போது தட்டுக்கு மேல் கையை நீட்டி “போதும்” என்றால் போதும்தான். மற்றவர்களைப் போல மூன்று தடவை சொல்லி நாலாவது கரண்டியை வாங்கிக்கொள்கிற வழக்கம் அவளிடம் இல்லை. மச்சான், அதாவது அவள் வீட்டுக்காரர், நேர் எதிர். வாய் ஓயாது. “ஒங்கக்கா நாலு வார்த்த பேசுனா அன்னைக்கு மழ வரும்” என்பார். அவள் அதைக் கேட்டுவிட்டு எதுவும் சொல்லாமல் உளுந்து புடைத்துக்கொண்டிருப்பாள். மழையும் வராது.

அவர்களுக்கு ஒரே பையன். நன்றாக ஓடித் திரிகிற பருவத்தில் காய்ச்சல் வந்தது. முதலில் ஊரிலேயே மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள், பிறகு கோவில்பட்டிக்குத் தூக்கி வந்தார்கள், மறுநாள் திருப்பித் தூக்கிக்கொண்டு போனார்கள். சின்னப் பிள்ளைகளை எங்களில் எரிப்பதில்லை. அவரவர் காட்டில் புதைப்பது வழக்கம். பருத்தி எடுத்து முடித்து, மார் என்று சொல்கிற காய்ந்த செடியையும் பிடுங்கிய காடு அப்போது வெறுமையாகக் கிடந்தது. அதில் ஓர் இடத்தில் குழி தோண்டினார்கள். ஏன் அந்த இடம் என்று யாரும் யோசிக்கவில்லை. மண் அங்கே இளக்கமாக இருந்தது, அவ்வளவுதான். மேலே முள் வெட்டிப் போட்டார்கள். பிறகு முள் மட்கிப் போயிற்று. மச்சான் ஏர் ஓட்டும்போது அந்த இடத்தில் மட்டும் மாட்டை ஒதுக்கி ஓட்டுவார். கம்பு விதைத்தால் சுற்றிலும் கம்பு நிற்கும், அந்த இடத்தில் புல் நிற்கும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நாங்கள் கிளம்பும்போது அக்கா வாசலில் நின்று, “இனி அவன் பேச்சு இந்த வீட்ல வேண்டாம்” என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னாள். அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. அந்த வாயாடி மச்சானே எடுக்கவில்லை. அவன் பெயரை எழுதலாம் என்று இப்போது நினைத்தேன், கை போகவில்லை. பாசத்தினால் என்று சொல்லமாட்டேன்; பழக்கம்.

சில வருடங்கள் கழித்து மச்சானும் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். அவருக்கு ஒரு தம்பி. அக்காவுக்குக் கொழுந்தன். நல்ல மனிதர்தான். அண்ணன் இருந்தவரை இரண்டு பேரும் சேர்ந்து ஒரே காடாக உழுதார்கள். அண்ணன் போனபின், பிற்காலத்தில் பிள்ளைகளுக்குள் வம்பு வரக்கூடாது, இப்போதே பிரித்துக்கொள்ளலாம் என்றார். மேல்புறம் அண்ணன் பங்கு, கீழ்புறம் தம்பி பங்கு என்பதில் சண்டை இல்லை. மாமனார் காலத்தில் அது இரண்டு காடாக, நடுவில் பொழியோடு இருந்தது. அந்தப் பழைய பொழிப்படியே பிரிப்பது என்று பேச்சு. ஆனால் சேர்த்து உழுத வருடங்களில் பொழி அழிந்துவிட்டது. கல்லைக் கரிசல் விழுங்கிவிட்டது. சர்வே கணக்கில் இரண்டும் ஒரே எண்ணில் கிடந்தது. மாமனாரும் இல்லை. கிட்டத்தட்ட எங்கே என்பது எல்லோருக்கும் தெரியும், சரியாக எங்கே என்பது தெரியாது.

அதற்கு அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. பிரித்துக்கொள்கிறவர்களில் ஒருவர் ஓடையில் நனைத்த மண்ணைத் தலையில் வைத்துக்கொண்டு பொழி எது என்று நடந்து காட்ட வேண்டும். பின்னாலேயே ஒருவர் ஏர் பிடித்து ஒரு சால் இழுத்துக்கொண்டு வருவார். அந்தச் சாலை ஒட்டி இரண்டு பக்கமும் உழாமல் விடுவதுதான் பொழி. அதற்குமேல் பேச்சில்லை. மண்ணைத் தலையில் வைத்துக்கொண்டு பொய்யாக நடந்தால் நடந்தவர் வம்சம் தழைக்காது என்று நம்பினார்கள். அதனால் யாரும் பொய்யாக நடக்கமாட்டார்கள். மண் தலையில் இருக்கும்வரை வேறு யாரும் வாய் திறக்கவும் கூடாது.

“மதினியே நடக்கட்டும்” என்றார் கொழுந்தன். அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். அதையும் யோசித்திருப்பார். ஆனால் அவர் அக்காவை நம்பினார் என்பதும் உண்மை.

முந்தின நாள் மழை பெய்து மண் பதமாக இருந்தது. ஊர்ப் பெரியவர் ஓடையில் இறங்கி மண்ணை அள்ளி உருட்டி அக்காவின் தலையில் வைத்தார். “கெழக்க பாக்காத, மேக்க பாக்காத, மனசுல பட்டதுல நட தாயி” என்றார். நான் அப்போது தட்டச்சுப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். துணைக்கு என்று என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அக்கா ஓடை வளைவிலிருந்து கிளம்பினாள். முதலில் எல்லோரும் எதிர்பார்த்த வழியிலேயே போனாள். பின்னால் ஏர் வந்தது. கரிசல் பிளந்து பளபளவென்று திரும்பி விழுந்தது. காட்டின் பாதியை நெருங்கும்போது அவள் மெல்ல வலப்பக்கம் ஒதுங்கினாள். தெற்கே பார்த்து நடக்கிறவளுக்கு வலப்பக்கம் என்றால் மேற்கு. அது அவளுடைய பங்கு. தன் காட்டுக்குள்ளேயே அவள் எல்லையை இழுத்துக்கொண்டு போனாள்.

ஓடைக்கரையில் சலசலப்பு வந்தது. கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை. “மதினி, அங்கன இல்ல! இங்கிட்டு வாங்க, கெழக்க!” என்று கத்தினார். அவருக்கு லாபமான தப்பை அவரே தடுத்தார். பெரியவர் திரும்பி, “ஏலே, வாய மூடு. மண்ணு தலையில இருக்கு” என்று அதட்டினார். அக்காவுக்குக் காதில் விழுந்திருக்கும். அவள் நடை மாறவில்லை. அந்தப் புல் நின்ற இடத்தை அவள் மிதிக்காமல் ஒட்டியபடி கடந்ததை நான் பார்த்தேன். ஏர்க்காரரும் அங்கே கலப்பைக் கொழுவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கொழுந்தன் அப்போதுதான் அடங்கினார். தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அதன்பின் அக்கா நேராகவே நடந்து வண்டிப்பாதையில் ஏறி மண்ணை இறக்கினாள். காட்டில் நல்ல ஒரு துண்டு, பருத்தி வாட்டமாக விளைகிற மண், அவள் கையைவிட்டுப் போனது. ஊரில் யாரும் அதைப் பற்றி அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் தலையில் நான் தண்ணீர் ஊற்றினேன். எத்தனை செம்பு ஊற்றினாலும் கறுப்பாகவே வடிந்தது. “ஏங்க்கா அப்படி நடந்த?” என்று கேட்டேன். தலையைக் குனிந்தபடியே சொன்னாள்.

“என் காட்டுக்குள்ள கெடந்தா நான் இருக்கவரைக்கும்தாம்ட்டி. எனக்குப் பொறவு எவனாவது வாங்குவான், உழுதுருவான். பொழியில கெடந்தா ஒருத்தனும் உழமாட்டான். எந்தக் காலத்துலயும் உழமாட்டான்.”

“மண்ணு தலையில இருக்கும்போது பொய் நடந்தா வம்சம் அத்துப்போகும்னு சொல்லுதாவளே.”

“அத்துப்போக எனக்கு என்னட்டி இருக்கு?” என்றாள். பிறகு, “அம்புட்டுத்தான், ஊத்து” என்றாள். நான் ஊற்றினேன். அன்றைக்கு அழுதேன் என்று ஞாபகம். அப்போதெல்லாம் எனக்கு வரும்.

கொழுந்தன் சொன்ன சொல் மாறாதவர். தன் பங்கு என்று வந்த அந்தத் துண்டை அவர் உழுதார், அது அவருக்குப் பாத்தியம். ஆனால் பொழியை மட்டும் மற்றவர்களைவிட அகலமாக விட்டார். அந்த இடத்தில் இன்னும் அகலமாக விட்டார். அக்கா தனியாகவே வெள்ளாமை செய்தாள். கம்பு, உளுந்து, பாசி, ஒரு வருடம் சூரியகாந்திகூடப் போட்டாள். காட்டுக்குப் போனால் வேலை முடிந்து திரும்பும்போது பொழி வழியாகத்தான் வருவாள். அங்கே நிற்கமாட்டாள், குனியமாட்டாள். நடந்து வந்துவிடுவாள். நான் கூடப் போன நாட்களில் நானும் அப்படியே அவள் பின்னால் நடந்தேன். என் வீட்டுக்காரர்தான் ஒருமுறை, பொழி ஏன் இங்கே மட்டும் வயிறு தள்ளி நிற்கிறது என்று கேட்டார். கரிசல் மண் அப்படித்தான் என்று நான் சொன்னேன். சென்னைக்காரர், நம்பிவிட்டார்.

பிறகு காலம் போயிற்று. கொழுந்தன் இறந்தார். அவர் பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். அக்காவுக்கு முழங்கால் போய்விட்டது. நான் கோவில்பட்டிக்குக் கூட்டி வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே தவறிவிட்டதால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். காட்டை விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு விட்டோம், அதுவும் கொஞ்ச வருடம்தான் நடந்தது. அந்தப் பக்கம் முழுக்க சோலார் கம்பெனிக்காரர்கள் வாங்க ஆரம்பித்தார்கள். கொழுந்தன் பிள்ளைகள் முதலிலேயே விற்றுவிட்டார்கள்; எந்தக் கம்பெனிக்கு என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. திருப்பூரில் இருந்துகொண்டு உளுந்து விதைக்க முடியாது. வேலி நாலு பக்கமும் நெருங்கி வந்தது. தனியாக நிற்கிற ஒரு காட்டுக்கு உழவு டிராக்டர் வராது. காட்டுப்பன்றி மட்டும் வரும். கேட்டு வந்த கம்பெனி ஆளிடம் அக்கா ஒரே நாளில் சரி என்றுவிட்டாள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

“நெசமாத்தான் விக்கணுமாக்கா?” என்றேன்.

“யாரு வாங்குனா என்னட்டி? பொழி பொழிதான” என்றாள்.

அவள் அத்தனை வருடம் நம்பியதும் அதைத்தானே. வாங்குகிறவன் உழமாட்டான், அந்தப் பக்கத்துக்காரன் விடமாட்டான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நாங்கள் இரண்டு பேரும் காட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஒரு காட்டுக்கு அந்தப் பக்கம் வேறொருவர் எப்போதும் இருப்பார் என்பது எங்கள் கணக்கு.

பத்திரத்தைப் பக்கத்து மேசைப் பெண் அடித்தாள். அண்ணாச்சி எழுதிக் கொடுப்பவருக்குப் பத்திரத்தை வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கமாட்டார், நல்ல பழக்கம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ராகம் போடாத குறையாக வாசித்தார். அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கம்பெனி சார்பில் வந்த இளைஞர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொத்து விபரம் வந்தது. வடக்கே ஓடை. தெற்கே வண்டிப்பாதை. மேற்கே கம்பெனி முன்னமே வாங்கிய புஞ்சை. “கிழக்கு மால், கிரையம் பெறும் தங்களுக்கு முன்னமே பாத்தியப்பட்ட புஞ்சை” என்று அண்ணாச்சி வாசித்தார்.

அக்கா கையை நீட்டினாள். சாப்பாட்டில் போதும் என்பதற்கு நீட்டுவாளே, அதே போல.

“கெழக்க யாருன்னீங்க அண்ணாச்சி?”

“கம்பெனிதாம்மா. ஒங்க கொழுந்தம் பிள்ளைக முந்தியே குடுத்துட்டாவள்லா.”

“வாங்குததும் கம்பெனி. பக்கத்துல இருக்கதும் கம்பெனியா?”

“ஆமா.”

“அப்ப பொழி?”

அண்ணாச்சிக்குக் கேள்வி புரியவில்லை. “பொழி எதுக்கும்மா? ரெண்டு பக்கமும் ஒரே ஆளுன்னா நடுவுல எவன் பொழி விடுவான்? எல்லாம் ஒண்ணாப் போயிரும்” என்றார். அவர் மேல் தப்பில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் அடுத்த மேசையில் யாருடைய பத்திரத்தையோ அடித்துக்கொண்டிருந்தேன். விரல் நின்றுவிட்டது. எழுந்து போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். “வேண்டாம்னா வேண்டாம்க்கா. எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவோம்” என்றேன். இதைச் சத்தமாகவே சொன்னேன். கம்பெனி இளைஞர் போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

அக்கா என்னைப் பார்த்தாள். மெல்லத்தான் பேசினாள். “போயி? நான் இன்னும் எம்புட்டு நாளு? எனக்குப் பொறவு நீ. ஒனக்குப் பொறவு?” என்றாள். என் மகன் பெங்களூரில் இருக்கிறான், அவனுக்கு அந்த ஊர் பெயர்கூடச் சரியாக வராது.

அவள் அந்த இளைஞரின் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, அந்தத் தகடு எம்புட்டு ஒசரத்துல நிக்கும்?”

“ஆள் நிக்கிற உயரம் இருக்கும் பாட்டி.”

“கீழ உழுவாவளா?”

“உழ மாட்டாங்க பாட்டி. புல்லு வளந்தா வெட்டுவாங்க, அவ்வளவுதான்.”

“கம்பி ஊண்டணும்லா. அது எங்கன ஊண்டுவாவ?”

“வரிசையா வரும் பாட்டி. எந்த இடம்னு எனக்குத் தெரியாது, அதெல்லாம் இன்ஜினியர்ங்க போடுறது.”

அண்ணாச்சி விட்ட இடத்திலிருந்து வாசித்தார். மேலுள்ள மரம் மட்டை, கீழுள்ள நீர், கல், புதைந்து கிடப்பது எதுவானாலும் அது உட்பட, சகல பாத்தியங்களும் இன்று முதல் தங்களையே சேர்ந்தது. எல்லாப் பத்திரத்திலும் இருக்கிற வரிதான். நானே எத்தனையோ பேருக்கு அடித்துக் கொடுத்திருக்கிறேன். அக்கா கேட்டுவிட்டு, “சரி, எங்கன போடணும்?” என்றாள். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். ரோட்டைத் தாண்டி எதிரே போனோம், போட்டோ எடுத்தார்கள், கைரேகை வைத்தார்கள். ரேகை சரியாக விழவில்லை என்று திரும்ப வைக்கச் சொன்னார்கள். கரிசலில் வேலை பார்த்த விரல், அப்படித்தான் இருக்கும். வெளியே வந்ததும் டீ குடிக்கிறாயா என்று கேட்டேன். குடித்தாள். எனக்கு அன்றிலிருந்துதான் இந்த மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்று நினைக்கிறேன். அவள் சாவுக்குப் பிறகு வந்தது அல்ல இது.

அடுத்த வருடம் பங்குனியில் ஒருநாள், பசுவந்தனைக் கோயிலுக்குப் போகலாம் என்று அவளே சொன்னாள். கோயில் முடிந்ததும் அந்த ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கு வரை ஆட்டோ பேசினேன். மிச்சத்தை வண்டிப்பாதையில் நடந்தோம், அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஓடையிலிருந்து பாதை வரை, கண்ணுக்கு எட்டியமட்டும் தகடுகள். எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. சுற்றிலும் கம்பி வலை. உள்ளே மண்ணைச் சமமாக நிரவியிருந்தார்கள். மேற்கு எது, கிழக்கு எது என்பது சூரியனைப் பார்த்தால்தான் தெரிந்தது. வாட்ச்மேன் குடிசையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, “அங்கன நிக்கக் கூடாதும்மா” என்றார். “இப்பப் போயிருவோம்” என்றேன்.

அக்கா வலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஓடைப்பக்கம் பார்த்தாள், பாதைப்பக்கம் பார்த்தாள், மறுபடி ஓடைப்பக்கம் பார்த்தாள். பிறகு, அவன் பேச்சை எடுக்கக்கூடாது என்று தானே போட்ட கட்டுப்பாட்டை அத்தனை வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக வெளிப்படையாக மீறினாள்.

“ஏட்டி, பிள்ள எங்கன கெடக்கான்னு ஒனக்குத் தெரியுதா?” என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. எல்லா வரிசையும் ஒன்று போலத்தான் இருந்தது. ஒரு வரிசையைப் பார்த்துக் கையை நீட்டினேன்.

“அந்தா, அந்தத் தகட்டுக்குக் கீழதான் அக்கா. நல்லாத் தெரியுது.”

அவள் என் விரல் காட்டிய பக்கம் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

“பொழியில மரம் வைக்க விடமாட்டாவ. நெழலு விழுந்தா வெள்ளாம வராதும்பாவ. இம்புட்டு நாளும் வெயில்லயே கெடந்தான்” என்றாள். வலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, “இப்ப நெழல்லதான் கெடக்கான், இல்லட்டி?”

“ஆமாக்கா” என்றேன்.